பட்லர் ஊற்றிய பார்லி

பக்கத்து வீட்டில் யாருக்கோ காய்ச்சல். பார்லி கொதிக்கிற வாடை சுவர் தாண்டி வந்து என் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. சன்னலைச் சாத்திவிட்டுப் பென்சிலை எடுத்தேன். பட்லர் அண்ணாச்சி, இந்த வயதில் எழுதப் பழகி நான் எழுதுகிற முதல் மடல் உமக்குத்தான். வேண்டியவர்களுக்கு எழுதும் முன் கை திருந்த வேண்டும். உமக்குக் கோணல் எழுத்து போதும். உயிரோடு இருந்தவரை என்னை ஒரு பேச்சு முழுதாகப் பேச விட்டதில்லை நீர். இனி குறுக்கே பேச முடியாது. ஒவ்வோர் எழுத்தாக, சந்தோஷமாக, உம்மைத் திட்டப்போகிறேன்.

குற்றாலத்தில் துரையின் பங்களாவில் நீர் பட்லர், நான் குளிக்க வெந்நீர் போடுகிறவன். சாரல் ஓய்ந்து துரை வீட்டார் கிளம்புகிற நாளில், மீந்த பீர்ப் புட்டிகளைச் சாக்கில் கட்டி ஓடையில் அமிழ்த்திவைப்பீர். அவர்கள் கார் மறைந்ததும் வேலையாட்களுக்கு ஆளுக்கொரு புட்டி. அங்கே அது வழக்கம்.

என் முதல் பீரை அப்படித்தான் குடித்தேன். கள்ளுக்கடையில் நான் அறியாத கசப்பு. பல் கூசுகிற குளிர்ச்சி. இப்படி ஒன்றை வைத்துக்கொண்டா துரைமார் எப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். புட்டி பாதியாகும் முன் உதடு வீங்கிவிட்டது. கழுத்தெல்லாம் தடித்தது. மூச்சு இரைத்தது. மிச்சத்தை நீர் எடுத்துக் குடித்துவிட்டு எனக்குப் பூரி என்று பெயர் வைத்தீர்.

கெட்டுப்போன புட்டி என்று நான் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மறு வருடம் பயந்து, ஆசையோடு தள்ளியே உட்கார்ந்திருந்தேன். நீர் விடவில்லை.

"கள்ளுன்னா மொடாக் கணக்குல குடிக்கான். பீருன்னா மூஞ்சி வீங்குதாம். என்ன நடிப்பு நடிக்கான் பாரு" என்றீர். சமையல்காரர் சிரித்தார். தோட்டக்காரரும் சிரித்தார். நான் வாங்கிக் குடித்தேன்.

இந்த முறை நாக்கே வாய் கொள்ளாமல் தடித்துவிட்டது. அப்போதுதான் உமக்கு வைத்தியம் தோன்றியது. காய்ச்சலில் கிடந்த துரைசானிக்கு ஆற்றிக் கொடுத்துக் கொடுத்து, பார்லிக் கஞ்சி எல்லாச் சூட்டையும் இறக்கும் என்று நம்பியிருந்தீர். சமையல்காரரைக் காய்ச்சச் சொல்லி, கிண்ணத்தோடு என் முன்னால் குந்தினீர்.

"குடிலே. நீ குடிச்ச பீரே இதுல செஞ்சதுதாம்லே. ரெண்டும் ஒரே பொருளு. ஒண்ணு உள்ள போயிருக்கு, கூட இன்னொண்ணு போனா என்ன செஞ்சிரும்?"

எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அந்தப் பார்லிதான் என்னைக் கொல்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல நாக்கு இல்லை. தலையை ஆட்டினேன். நீர் என் மூக்கைப் பிடித்தீர். வாய் திறந்ததும் ஊற்றினீர். உயிர் போகிற நேரத்தில் கையால் அடித்துக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். கஞ்சி உம்முடைய வெள்ளைக் கோட்டில் வழிந்தது.

நான் மூச்சுக்குத் தவித்துத் தரையில் கிடக்க, நீர் கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தீர். அதை மறக்கமாட்டேன்.

மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. வேலை திரும்பவில்லை. கோட்டு நனைந்த கோபத்தில், என் முகம் தடிப்பது பெருவியாதி, தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பங்களா பங்களாவாகச் சொல்லிவைத்தீர். அடுத்த சாரலுக்குக் குற்றாலத்தில் ஒரு வாசலும் என்னை ஏற்கவில்லை. தென்காசியில் விறகு சுமந்தேன். பார்லிதான் காரணம் என்று சொன்னால், நோயாளி குடிப்பதையா குறை சொல்லுகிறாய் என்று கேட்டார்கள். ஒருநாள் கடைத்தெருவில் நீரே எதிரில் வந்து, "ஏலே பூரி, இன்னும் இருக்கியா?" என்றீர். இருந்தேன். உமக்குப் பின்னும் இருக்கிறேன்.

நீர் புளியறைக் கிராமத்தில் இறந்ததாகச் சொன்னார்கள். நான் வரவில்லை. வருத்தமும் இல்லை. பீர்க் கடை வாசலில் நின்று நுரையைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பைத் திட்டுவேன், பிறகு உம்மைத் திட்டுவேன்.

என்னை முதலில் நம்பியவள் என் மருமகள். எழுத்து சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். கஞ்சியோ பாயசமோ எது ஊற்ற வந்தாலும், "மாமா, இதுல பார்லி இல்ல" என்று சொல்லிவிட்டே பாத்திரத்தைச் சாய்ப்பாள். ஆனாலும் அவள் சொல்லி முடிக்கும் முன் என் கை போய்த் தம்ளரை மூடிக்கொள்கிறது. பாவம், நான் கையை எடுக்கும்வரை காத்து நிற்பாள். அவள் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. அது இன்னும் உம்மைத்தான் தடுத்துக்கொண்டிருக்கிறது.