நம்ம பாறையைக் காட்டிக் கொடுத்தது யார், மாரி?

என் உயிர்க் கூட்டாளி மாரிக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் படகில் ஏறியதும் நீ உட்காரும் பக்கம் திரும்பித்தான் பேசுகிறேன். என்ன செய்ய, பழகிவிட்டது.

நம்ம பாறைக்கு ஆள் வந்துவிட்டார்கள், மாரி. கடலிலிருந்து பார்த்தால் உப்பளத்துத் தண்ணீர்த் தொட்டியும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வருகிற இடம். "நம்ம ரெண்டு பேர் கண்ணுல மட்டும் இருக்கட்டும், அடையாளத்துக்கு ஒரு மிதவைகூட போடாதடா" என்பாயே, அதே இடம்தான். இப்போது ஞாயிறுதோறும் பொம்மையார்பாளையத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரன் கம்பெனியின் டைவிங் படகு வருகிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு குதிக்கிறார்கள். நங்கூரத்தைப் பவளத்தின் மேலேயே போடுகிறார்கள். அந்தப் பொந்துகளில்தானே களவா மீன் குஞ்சுகள் வளரும்?

படகின் பக்கத்தில் பச்சை எழுத்தில் 'பவளத்தைக் காப்போம்' என்று எழுதியிருக்கிறார்கள். யாரிடமிருந்து காப்பார்களாம்? குயிலாப்பாளையத்தில் நான் மீன் போடுகிற கெஸ்ட் ஹவுஸ் மேஜையில், காகிதம் பறக்காமல் இருக்கப் பவளத் துண்டு ஒன்றை வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் படகை ஓட்டுவது யார் தெரியுமா? உன் தம்பி சேகர். அப்புறம் வேறு யாரைச் சந்தேகப்படுவது? வலை காயப்போடுகிற இடத்தில் பத்துப் பேர் முன்னால் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்பா, அண்ணன் காப்பாத்துன பாறைய வெள்ளைக்காரனுக்கு வித்துட்டியா?"

அவன் முகம் செத்துவிட்டது. பதில் சொல்லாமல் போனான். குற்றம் செய்த நெஞ்சுதான் பேசாது என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஊரில் யாரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உன்னை மட்டும் விட்டேனா? சாகும் முன்னால் தம்பியிடம் நீயே இடத்தைச் சொல்லியிருப்பாயோ என்று உன்மேலும் சந்தேகப்பட்டேன். பாவி நான்.

நேற்றுக் காலை அவனே வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு மஞ்சள் எண்ணெய் கேன், அதன் அடியில் பாசி பிடித்த கயிறு.

"இத பாத்துதாண்ணா கம்பெனிக்காரன் எடத்த கண்டுபிடிச்சான். நடுக்கடல்ல கேன் மிதக்குதேன்னு எறங்கிப் பாத்தான். யார் கட்டுனதுன்னு கேட்டான், தெரியாதுன்னு சொல்லிட்டேன். அண்ணன் பேரு எழுதியிருக்குது, உன் கையெழுத்து எனக்கா தெரியாது?"

உன் கருமாதி அன்று நான் கட்டிய கேன் அது. உன் பெயரைப் பெயின்ட்டில் எழுதி, மாலை சுற்றி விட்டுவந்தேன். அது ஒரு மிதவை என்றே எனக்கு அப்போது தோன்றவில்லை. மிதவை போடாதே என்று நீ சொன்ன இடத்தில் உனக்காகவே போட்டேன், மாரி.

"அன்னைக்கே சொல்றதுக்கு என்னடா?"

"பத்து பேர் முன்னாடி நீ அசிங்கப்படுவ. அதான்ணா."

ஐயோ, அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பாறையைத் தாண்டி மணல் தரையில் ஒரு சிமெண்டுக் கட்டை இறக்கி, படகை அதில்தான் கட்ட வேண்டும் என்று இருவரும் போய்ச் சொன்னோம். கம்பெனிக்காரன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வருகிறது. ஞாயிறுதோறும் என் படகும் பக்கத்திலேயே நிற்கும். ஒரு நங்கூரம் பவளத்தில் விழட்டும், பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாளைக்கு அதே இடத்தில், அதே பத்துப் பேர் முன்னால், இந்தக் கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். காட்டிக் கொடுத்தவன் நான்தான் என்று என் வாயாலேயே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அப்புறம் சேகரை நம் படகுக்குக் கூப்பிடுவேன். அவன் வந்தால், உன் இடத்தில் உட்காரட்டும்.

உன் தம்பிக்கு அண்ணனாக இருக்கத் தவறிய,
உன் கூட்டாளி ஏழுமலை