மண்ணுக்குள் அறுந்த கம்பி

அக்டோபர் 9

டிசம்பர் கோடை மேய்ச்சலுக்கு டார்டோவின் மாடுகள் வருவதற்குள் மேட்டு நிலத்தில் தண்ணீர்த் தொட்டி வைத்தாக வேண்டும். தம்பி ஆதெமாரைக் காலையிலேயே கிளப்பினேன். அவன் மாத்தே தேநீர் குடித்து முடிக்கவே ஒரு மணி நேரம். இரவல் ஜேசிபியை நானே ஓட்டினேன். அவன் ஓட்டினால் வேலி மிஞ்சாது.

தொட்டிக்குப் போகும் குழாயை என் நிலத்தில் நிற்கும் காற்றாலையைச் சுற்றிக் கொண்டுபோயிருக்க வேண்டும். கோபுரத்திலிருந்து இருபது மீட்டருக்குள் கேட்காமல் தோண்டக் கூடாது என்று காற்றாலை நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் இருக்கிறது. கேட்டுக் கடிதம் போட்டேன், பதில் இல்லை. சுற்றிப் போனால் இன்னும் இரண்டு நாள் வேலை. நேராகவே தோண்டினேன். பதினான்காம் கோபுரத்தின் அருகே எதிலோ மாட்டி இழுத்தது. இறங்கிப் பார்த்தால் — விரல் பருமனில் முறுக்கிய செம்புக் கம்பி, இரண்டு துண்டாக.

ஆதெமார் அண்ணாந்து பார்த்தான். "றெக்கை சுத்திக்கிட்டுத்தானே இருக்கு? இது கரண்டு கம்பி இல்லக்கா. இடி விழுந்தா மண்ணுக்குள்ள போறதுக்கு வச்ச எர்த் கம்பி. மூடு."

"சொல்லிடலாமேடா."

"சொல்லு. மான்டெவிடியோ கம்பெனித் துரைங்க வந்து உன் தொட்டியப் பிடுங்கிப் போட்டுட்டுப் போவாங்க."

மூடினேன். நானே மிதித்து இறுக்கினேன்.

அக்டோபர் 10

நாளை சொல்லிவிடலாம்.

அக்டோபர் 23

யமிலா வந்திருந்தாள். இந்த மலையிலுள்ள காற்றாலைகளின் இடிதாங்கிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண். மினாஸ் ஊர்க்காரி, இருபத்தொன்பது வயது, வாய் ஓயாது. இரண்டு நாளாகக் கயிற்றில் தொங்கி, பதினான்காம் கோபுரத்தின் இறக்கை நுனியிலிருந்து அடிவரை கம்பி ஒழுங்காக இருக்கிறதா என்று அளந்தாளாம். வீட்டுக்குள் வரும்போது தலைமுடி குத்திட்டு நின்றது. கதவுப் பிடியைத் தொட்டதும் டப்பென்று பொறி தெறித்தது. உதறிக்கொண்டு சிரித்தாள்.

"வறண்ட காத்துல சும்மா சுத்தினாலே றெக்கையில மின்சாரம் சேந்துடும் நில்டாம்மா. எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. இடியோ இதுவோ, கடைசியில மண்ணுக்குப் போய்ச் சேரணும். அந்த வழியப் பார்த்துக்கறதுதான் என் பொழப்பு."

"மண்ணுக்குள்ள இருக்கறதையும் பார்ப்பியா கண்ணு?"

"அத ஆகஸ்டுலயே அளந்து கையெழுத்தும் போட்டாச்சு. இனி அடுத்த ஆகஸ்டுதான். உங்க மண்ணு நல்ல மண்ணு."

கேட்கத் தெரிந்த வாய்க்குச் சொல்லத் தெரியவில்லையா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இன்னொரு மாத்தே ஊத்தட்டுமா?" என்று வந்தது.

நவம்பர் 2

டார்டோ தன் மாடுகளை ஓட்டி வந்தான். கோடையில் என் மேட்டு நிலத்தில் மேய்த்துக்கொள்கிறான். முப்பத்தொரு மாடு, முப்பத்தொரு பெயர். தொட்டியைப் பார்த்து, "மகராசி" என்றான்.

நவம்பர் 18

எழுத வேண்டும். நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. டார்டோவின் மாடுகள் வெயிலுக்கு எப்போதும் கோபுரத்தின் நிழலில் வரிசையாக நிற்கும், நேற்றும் நின்றன. சில தொட்டியருகே. ஒரே ஒரு இடி. வீட்டுச் சன்னல்கள் குலுங்கின.

மழை விட்டதும் போனேன். ஒன்பது மாடுகள் கிடந்தன. காயமில்லை, இரத்தமில்லை. ஒன்றின் வாயில் இன்னும் புல் இருந்தது. டார்டோ ஒவ்வொன்றின் அருகிலும் மண்டியிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "பாலோமா. எந்திரி. பாலோமா."

இடி விழுந்தால் மாடு சாவது உலகத்தில் இல்லாததா? நேற்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்.

நவம்பர் 21

பொறியாளர்கள் வந்து தோண்டினார்கள். யமிலாவும் நின்றாள். அறுந்த முனைகள் இரண்டும் வெளியே வந்தன, நடுவே என் குழாய்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "கோபுரத்தச் சுத்தின கம்பி வளையம் முழுசா இருந்திருந்தா இடி நாலா பக்கமும் பரவி அடங்கியிருக்கும். அறுந்ததால ஒரே பக்கமாப் பாஞ்சிருக்கு. மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம். ஒரு கால்ல ஏறி இன்னொரு கால்ல இறங்கிடும்."

வயதான பொறியாளர் என்னிடம் திரும்பினார். "இந்தக் குழாய எப்போ போட்டீங்க, செஞோரா?"

"குழாய் போன வருஷம். தொட்டிதான் இப்போ" என்றேன்.

யோசிக்கவே இல்லை. நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்தது போல வந்து விழுந்தது. போன வருடமே அறுந்தது என்றால், இந்த ஆகஸ்டில் எல்லாம் சரி என்று யமிலா போட்ட கையெழுத்து பொய். அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று இந்த நோட்டிலாவது எழுதாமல் இருக்கிறேன்.

டார்டோ அவள் முகத்துக்கு நேரே கை நீட்டினான். "அளக்காமலே கையெழுத்துப் போட்டியா? கொலைகாரி!"

அவள் "அளந்தேன்" என்றாள். மறுபடி, "அளந்தேன்."

நவம்பர் 24

அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை.

இன்று பேருந்தில் வந்து இறங்கி, கேட்டிலிருந்து நடந்தே வந்தாள். உட்காரவில்லை. "நில்டாம்மா, நல்லா நினைச்சுப் பாருங்க. ஆகஸ்டுக்கு அப்புறம், இந்த வசந்தத்துலதான் போட்டிருப்பீங்களோ? தேதி யாருக்கும் மறக்கும். தப்பே இல்ல. மாத்திச் சொன்னா யாரும் உங்களக் கோவிச்சுக்க மாட்டாங்க."

வழியை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் நுழைந்திருந்தால் போதும்.

"போன வருஷந்தான் கண்ணு."

"சரிம்மா" என்றாள். போகும்போது என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். வருத்தப்பட வேண்டாமாம்.

டிசம்பர் 1

ஆதெமார் சொல்கிறான்: "சின்னப் பொண்ணு, வேற வேலை கிடைக்கும். நமக்கு இருக்கறது இந்த நிலம் ஒண்ணுதான்." சோறு தின்றுகொண்டே சொன்னான். நானும் தின்றேன்.

டிசம்பர் 13

மினாஸ் போனேன். பெட்ரோல் பங்கில் சீருடையோடு ஓடிவந்தது — யமிலா. "நில்டாம்மா! ஆயில் பார்க்கட்டுமா?" அதே சிரிப்பு. இருபதாம் தேதி விசாரணையாம். பொய்க் கையெழுத்து என்று முடிவானால் இனி எந்தக் காற்றாலையிலும் கால் வைக்க முடியாதாம். வானிலை சொல்வது போலச் சொன்னாள்.

அப்போது பக்கத்தில் டார்டோவின் லாரி வந்து நின்றது. அவள் குழாயை எடுத்துக்கொண்டு போனாள். அவன் சன்னலைப் பாதி இறக்கினான்.

"நீ தொடாத. என் வண்டியில உன் கை படக் கூடாது. வேற ஆளக் கூப்பிடு."

பங்கில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குழாயை இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். அழுக்கே இல்லாத கைகளை.

டார்டோ என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். மரியாதைக்கு. நான் — நான் என் சன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

என்ன பிறவி நான்?

டிசம்பர் 14

விடிந்ததும் டார்டோவின் கொட்டிலுக்குப் போனேன். கறந்துகொண்டிருந்தான். நின்றபடியே சொல்லி முடித்தேன்: கம்பி, ஜேசிபி, அக்டோபர் 9, போன வருடம் என்று சொன்ன பொய். அவன் கறப்பதை நிறுத்தவில்லை. வாளி நிறைந்ததும் எழுந்தான்.

"நேத்து அந்தப் புள்ளய நான் பேசினப்போ நீ அங்கதானே இருந்த?"

"இருந்தேன்."

"மாடு போனதுக்குக்கூட ஒரு நாள் உன்னை மன்னிச்சிருவேன், நில்டா. என் வாயால அந்தப் பேச்சப் பேச வச்சியே. போயிடு."

டிசம்பர் 15

நிறுவனத்தின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். யமிலாவையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் எழுதியதை இரண்டு முறை படித்தாள்.

"அன்னைக்கு உங்க வீட்டுல நீங்க என் முகத்தப் பார்க்கவே இல்ல" என்றாள். "எனக்காக வருத்தப்படறீங்கன்னு நினைச்சேன். நிஜமாவே மறந்துட்டீங்கன்னுதான் நம்பினேன். பஸ்ஸுல போகும்போது, பாவம், வயசாகுதுன்னு..." தாளை என் பக்கம் தள்ளினாள்.

மன்னிப்புக் கேட்டேன். கேட்ட குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஜனவரி 6

என் கிடாரிகளில் நல்லவை ஒன்பதைப் பொறுக்கி டார்டோவின் வாசலுக்கு ஓட்டிப் போனேன். ஒவ்வொன்றாகப் பல் பார்த்து வாங்கிக்கொண்டான். நன்றி சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? அவன் மாடுகள் இனி என் நிலத்துக்கு வராது.

ஆதெமார் ட்ரெய்ன்டா இ ட்ரெஸ் ஊரில் இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். ஊரில் தலைகாட்ட முடியவில்லையாம், என்னால்.

பிப்ரவரி 19

யமிலா புதுக் கம்பியை அளக்க வந்தாள். அவளை மீண்டும் வேலையில் சேர்த்து ஒரு மாதமாகிறது. நிலத்துக்காரர் உடன் நிற்க வேண்டும் என்று இப்போது விதி போட்டிருக்கிறார்கள். கம்பி போகும் இடமெல்லாம் வெள்ளைக் கல் நட்டுக்கொண்டே போனாள். நான் கற்களைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். "இங்க." "இங்க."

பாதி வட்டத்தில் மேற்கே இருண்டது. அவள் இடுப்பிலிருந்த இடி எச்சரிக்கைக் கருவி கூவியது.

"வண்டியில ஏறுங்க, செஞோரா." நில்டாம்மா இல்லை.

கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை இறங்கக் கூடாது. நடுவே ஒன்று இடித்தால் மறுபடி முதலிலிருந்து. இன்று நான்கு முறை முதலிலிருந்து. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், நான் மடியிலிருந்த என் கைகளைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் பேசாமல் இருக்க அவளால் முடியும் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது முறை பதினான்கின் மேலேயே விழுந்தது. எல்லாம் வெள்ளையானது. கண்களை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது இறக்கைகள் மூன்றும் அப்படியே நின்றன. வேலிக்கு அப்பால், கீழ்ச்சரிவில் என் மாடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லில் வாய் வைத்தன.

யமிலா நோட்டில் நேரம் குறித்தாள். பேனாவை மூடினாள்.

"மண்ணுக்குள்ள ஒழுங்காப் போயிடுச்சு" என்றாள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் வண்டியில் வேறு யாரும் இல்லை.