பூட்டிய வீட்டில் ஒரு ஜாடித் தண்ணீர்

அன்புள்ள அத்தைக்கு,

கனடாவுல இருந்து உங்க மருமக நாகவல்லி எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? நான் நல்லா இருக்கேன்.

இங்க ஏரிக்கரையில, கோடைக்கு மட்டும் வந்து தங்குற வீடுகளைப் பனிக்காலத்துக்குப் பூட்டிக் குடுக்குற வேலை. குழாய்த் தண்ணியைச் சொட்டில்லாம வடிச்சிரணும். கிடந்தா உறைஞ்சு வெடிச்சிரும். பூட்டுற வீட்டுல குடம் வெறுமையா இருக்கக்கூடாது, திரும்பி வர்றவுகளுக்குத் தண்ணி இருக்கணும்னு சொல்வீகளே, எனக்கு மனசு கேக்கலை. கடைசித் தண்ணியை ஒரு கண்ணாடி ஜாடியில பிடிச்சு அடுப்படியில வச்சிட்டு வந்துட்டேன்.

ஜாடி உறைஞ்சு வெடிச்சிருச்சு. நேத்து வீட்டுக்காரம்மா வந்து ஹீட்டரைப் போட்டதும் பனிக்கட்டி உருகி, பலகைத் தரை ஊறிப்போச்சு. பயப்படாதீக, வேலை போகலை. "இந்தத் தண்ணி யாருக்கு?"ன்னு மட்டும் கேட்டாக. உள்ளதைச் சொன்னா சிரிப்பாகளோன்னு, "மறந்து வச்சிட்டேன்"னு சொல்லிட்டேன். நீங்க சொன்னதை மறக்காமத்தானே வச்சேன்? அதைப் போய் மறதின்னு சொல்லிட்டேனேன்னு வெக்கமா இருக்கு அத்தை.

பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிட்டுத் தேவகோட்டை போகையில, நம்ம செக்காலை வீட்டுல என் பித்தளைக் குடத்தை நிறைச்சு வச்சிட்டுப் போங்க. ஒரு போட்டோ அனுப்புங்க. வேலைக்குப் போற வேன் வந்திருச்சு.

பூட்டுற வீட்டுல தண்ணி யாருக்குன்னு யாராச்சும் கேட்டா, எனக்குன்னு சொல்லுங்க.

நாகவல்லி