கேரவனுக்குக் காவல்

கேரவன் உரிமையாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு: தங்கள் மனைவி இன்று தன்னந்தனியாக, உசிலம்பட்டி பஸ்ஸில், மதுரை மாநகருக்கு எழுந்தருளுகிறாள்.

புளிக்குழம்பு அடுப்பில் இருக்கிறது. அப்பளம் பொரித்து டப்பாவில் போட்டிருக்கிறேன். நாம் வண்டியை நிறுத்தியிருக்கும் தோப்புக்குச் சொந்தக்காரர் ஆண்டிச்சாமி அண்ணன் தண்ணீர்க் கேன் கொண்டுவருவார். "எந்த நடிகர் வண்டிண்ணே இது?" என்று மறுபடியும் கேட்டால் முறைக்காதீர்கள்.

உள்ளேயே சமைத்து, உள்ளேயே படுத்து, ஊர் ஊராய்ப் போய்ப் பார்க்கத்தான் இந்த வண்டியை வாங்கினோம். வாங்கியதிலிருந்து நீங்கள் வண்டியை மட்டும்தான் பார்க்கிறீர்கள். நேற்று நாயக்கர் மகாலுக்குக் கூப்பிட்டதற்கு, "வண்டிய விட்டுட்டு எப்படி வாரது? ஒரு கோடு விழுந்தா போச்சுல்ல" என்றீர்கள். "என் மூஞ்சியில எம்புட்டுக் கோடு விழுந்துருக்கு, அதப் பாத்தீகளா?" என்று நானும் பதிலுக்குக் கேட்டிருக்க வேண்டாம். அதோடு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டீர்கள்.

பி.கு.: வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆண்டிச்சாமி அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மனசு வந்தால் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: மதியம் வரை மகால் வாசலில் இருப்பேன். நீங்கள் வராவிட்டால் உள்ளே போகமாட்டேன். மகாலை நான் ஸ்கூலில் படிக்கும்போதே பார்த்தாகிவிட்டது.