காய்ச்சல் அறையில் என் முறை

ஆகஸ்ட் 6, புதன்

காலை ஷிப்ட். மழை. பஸ்ஸில் கூட்டமே இல்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கிய ஒரு பெரியம்மா, விருந்துக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவர் மாதிரி, "வரேன் தம்பி" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு போனார். அதை நினைத்துச் சிரித்தபடியே டிப்போவுக்கு வந்தேன். போனை எடுத்தால் பள்ளியிலிருந்து வரிசையாக அழைப்புகள்.

பாப்பாவுக்குக் காய்ச்சல். காலையிலேயே ஆரம்பித்திருக்கிறது. பஸ் ஓட்டும்போது என் போன் பைக்குள்தான் இருக்கும். அவள் அம்மா வார்டு நர்ஸ், அவளாலும் எடுக்க முடியவில்லை. நான் போய்ச் சேரும்போது மதியம். ஆபீஸ் ரூமுக்கு வெளியே பெஞ்சில், புத்தகப்பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டு கிடந்தாள். போறவங்க வர்றவங்க எல்லாம் தாண்டிப் போயிட்டிருக்காங்க. ஒரு பிள்ளைய இப்படியா போட்டு வைப்பாங்க? நாலு வார்த்தை கேட்டுடணும்னுதான் போனேன். தூக்கியதும் கண்ணைத் திறக்காமலே, "அப்பா, இது எந்த ஸ்டாப்?" என்றாள்.

ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7

காய்ச்சல் இறங்கவில்லை. லீவு.

ஆகஸ்ட் 11, திங்கள்

பாப்பா பள்ளிக்குப் போய்விட்டாள். ஆறின கோபத்தைச் சூடுபண்ணிக்கொண்டு தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன். அவர் மறுத்தே பேசவில்லை. ஓர் அறை இருக்கிறதாம், நிறைய உடைந்த சாமான். ஆசிரியர்களே போதவில்லையாம். "பக்கத்துல உட்கார ஆள் இருந்தா நான் ஏன் சார் பெஞ்சுல படுக்க வைக்கப்போறேன்?" என்றார். முகத்தைப் பார்த்தால் அவரும் அதை நினைத்துத் தூங்காதவர் போலத்தான் இருந்தார்.

சண்டை போடப் போனவன் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்பினேன். மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "அப்ப அந்த ஆளா நீங்க போய் உட்காருங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாளா?

ஆகஸ்ட் 16, சனி

பெற்றோர் குழுக் கூட்டம். இதற்கு முன் நான் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. தலைவர் இரும்புக்கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர், குரல்தான் பெரிது. பள்ளி வாசலில் வளைவு கட்டலாம், குழுவினர் பெயரைப் பொறிக்கலாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எழுந்தேன். பஸ்ஸில் ஊரே கேட்கக் கத்துகிறவன், அங்கே தரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். பெஞ்சில் கிடந்த பாப்பாவைப் பற்றிச் சொன்னேன். கட்டில் வேண்டும், பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

 பின்வரிசையிலிருந்து, துணி தைக்கும் ஓர் அக்கா, "வளைவுக்கு மேல ஏறியா படுக்க முடியும்?" என்றார். சிரிப்பு. தலைவரின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கூட்டம் கலைந்ததும் அவரே என்னிடம் வந்து, கட்டில் எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 23, சனி

அறையைக் காலி செய்தோம். கால் போன மேசைகள், தாங்கி இல்லாத ஒரு பூமி உருண்டை. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார். அக்கா பச்சைத் துணியில் திரைச்சீலை தைத்து வந்தார். அதை மாட்டியதும் வெயில் அதன் வழியாக உள்ளே வந்தது. குளத்துக்கு அடியில் நிற்பது போல ஆகிவிட்டது அறை. பேசிக்கொண்டிருந்த எல்லோரும் தானாகவே குரலைத் தாழ்த்தினோம்.

மனைவியும் வந்து பார்த்தாள். மருந்து நாம் கொடுக்கவே கூடாது. தண்ணீர், ஈரத்துணி, பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர், வீட்டுக்கு உடனே போன். கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

குழுவில் ஆளுக்கொரு நாள்; செவ்வாய் எனக்கு வார லீவு, இன்று என் முதல் முறை. துணைக்குத் தையல்கார அக்கா. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள், தூரத்து மழை மாதிரி. திரைச்சீலை மூச்சுவிடுகிறது. கண் சொக்கிவிட்டது. அக்கா தட்டி எழுப்பி, "பேஷண்ட் நீங்களா தம்பி?" என்றார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

போன வாரம் வந்த அதே பெண் குழந்தை. மூன்றாம் வகுப்பு. வயிற்று வலியாம். எங்கே என்று கேட்டால் போன வாரம் இடது பக்கம், இன்று வலது பக்கம். படுத்த மாத்திரத்தில் தூக்கம். மணி அடித்ததும் எழுந்து, போர்வையை அழகாக மடித்து வைத்துவிட்டுப் போகிறது. வீட்டுக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. மற்ற நாட்களிலும் வருகிறதாம். அக்கா அதற்கு 'வயித்துவலி' என்றே பெயர் வைத்துவிட்டார்.

தலைவருக்கு வருத்தம். நடிக்கிற பிள்ளைக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு வகுப்பே இங்கே வந்து படுத்துக்கொள்ளும் என்கிறார். அதுவும் சரிதான். அடுத்த செவ்வாய் வரை பொறுங்கள் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன்?

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று அதைத் தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்தேன். பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறவர்களைப் பற்றி. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவங்க ஏன் வீட்டுல தூங்கல?" என்றது.

"நீ ஏன் தூங்கல?" என்றேன்.

திரைச்சீலையையே பார்த்தது. பிறகு சொன்னது: "தம்பிப் பாப்பா தூங்கினதும் அம்மா அழுவாங்க. நான் முழிச்சிருந்தா அழ மாட்டாங்க. அதான்."

அப்பா வேறு ஊரில் வேலையாம். வீட்டில் வேறு யாரும் இல்லையாம்.

அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் போர்வையை இழுத்து விட்டேன். நாங்க பாத்துக்கறோம், நீ தூங்குன்னு சொன்னேன். எதைப் பாத்துக்கப்போறேன் நான்? எனக்கு என்ன தெரியும்?

செப்டம்பர் 24

மனைவியிடம் சொன்னதும் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். பிரசவத்துக்கு அப்புறம் இப்படி வரும், இது வெறும் அழுகை இல்லை, டாக்டர் பார்க்க வேண்டியது என்றாள். இன்று டியூட்டி முடிந்து அப்படியே அக்காவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

அடுப்பு வேலை என்னுடையது. பாப்பா ஊறுகாய் போதும் என்கிறாள். நான் சமைத்தால் அவள் எப்போதும் சொல்வது.

பின்குறிப்பு. வந்துவிட்டாள். அந்தக் குழந்தையின் அம்மா முதலில் கதவைத் திறக்கவில்லையாம். "நான் உங்க பொண்ணோட பள்ளிக்கூடத்து ஆளுங்க" என்றதும் திறந்தாராம். கைக்குழந்தையை இவளிடம் கொடுத்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நாளை மறுநாள் டாக்டரிடம் இவளே கூட்டிப் போகிறாள். கணவருக்கும் போன் செய்து சொல்லியாயிற்று. பகலில் குழந்தையைக் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்ளக் குழுவில் ஆளுக்கொரு நாள். தலைவர் வீட்டம்மா வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

அக்டோபர் 14, செவ்வாய்

வயித்துவலி இன்றும் வரவில்லை. அதன் அம்மா வந்தார், இடுப்பில் குழந்தையோடு. மெலிந்திருக்கிறார், ஆனால் தலை வாரிப் பொட்டு வைத்திருந்தார். தானும் ஒரு முறை எடுத்துக்கொள்ள வேண்டும், என்ன வேலை என்று காட்டுங்கள் என்றார். இன்னும் யாரும் வரலை, உட்காருங்க என்றேன். அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்.

கட்டில் ஓரத்தில்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சாய்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படி ஒரு தூக்கம். பச்சை வெளிச்சம் முகத்தில் அசைந்துகொண்டிருந்தது.

இடைவேளையில் ஜன்னல் கம்பிக்கு வெளியே வயித்துவலியின் முகம். நான் வாயில் விரலை வைத்தேன்.

"அம்மா அழறாங்களா?"

"இல்லம்மா. தூங்குறாங்க."

நன்றாகப் பார்த்தது. பிறகு மைதானத்தைப் பார்த்து ஓடியது, கூட்டாளிகளைப் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே.