பாய்ப்படகு வாங்கிய மகனுக்கு

தங்கச்சிமடம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து.

அன்பு மகன் சகாயத்துக்கு அம்மா எழுதுவது. மாதா உன்னையும் லிண்டாவையும் பேத்தியையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கே நானும் உன்னைப் பெற்ற அய்யாவும் உடம்பளவில் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றி நீயும் கேட்காதே, நானும் சொல்லவில்லை. போனில் பேசாமல் இவள் ஏன் காகிதத்தைத் தேடுகிறாள் என்று நினைப்பாய். போனில் நாலு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீ உடனே சரிம்மா சரிம்மா என்று பேத்தியைக் கொண்டுவந்து காட்டிவிடுகிறாய், அவள் சிரிப்பைப் பார்த்ததும் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. அதனால் எழுதுகிறேன். பாதியில் மூடி வைக்காமல் கடைசிவரை படி.

போன வாரம் நீ கேட்டதைப் பற்றித்தான் எழுத்து. வேலைக்கு ஒரு வருஷம் லீவு போட்டுவிட்டு, வாங்கி வைத்திருக்கிற பாய்ப்படகில் பெண்டாட்டி பிள்ளையோடு நீ இருக்கிற நியூசிலாந்திலிருந்து கிளம்பி நடுக்கடலைத் தாண்டி டோங்கா பக்கத்துத் தீவுகளுக்குப் போகப்போகிறேன் என்றாய். அதோடு விட்டாயா? "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொன்னா படகை வித்துர்றேன்ம்மா, போன்னு சொன்னாத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டு, விடிந்தால் வேலை என்று தூங்கப் போய்விட்டாய். தூங்காமல் கிடந்தது நான். உன் தம்பி பிரடெரிக்கைக் கடலில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில் வந்து இதைக் கேட்கிறாயே, உனக்கு நெஞ்சு எதனால் செய்திருக்கிறது என்று அன்றைக்கு முழுக்கத் திட்டிக்கொண்டே மீன் அரிந்தேன். பிறகு கோபம் ஆறிவிட்டது. கேட்காமலே போயிருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும், கேட்கவாவது தோன்றியதே.

நீ அனுப்பின வீடியோவை அய்யா எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கே இல்லை. அடுப்பு, கட்டில், குளிர்பெட்டி, உள்ளேயே கக்கூஸ், நம் வீட்டில் இல்லாத வசதியெல்லாம் அந்தப் படகில் இருக்கிறது. இதெல்லாம் எதற்கு, பாயையும் பாய்மரத்துக் கம்பிகளையும் காட்டச் சொல் என்றார் அவர். பழைய படகு வாங்குகிறவன் மெத்தையைப் பார்க்கக் கூடாது, கம்பி மரத்தோடு சேருகிற இடத்திலே துரு இருக்கிறதா, சுக்கானை ஆட்டினால் ஆடுகிறதா, அடித்தட்டுப் பலகையைத் தூக்கினால் தண்ணீர் நிற்கிறதா என்றுதான் பார்க்க வேண்டுமாம். நான் கடலுக்குப் போனவள் இல்லை என்றாலும் படகு வைத்திருந்த வீட்டில் வாழ்ந்தவள். படகு என்பது வாசலில் கட்டின மாடு மாதிரி, நாம் சாப்பிட்டோமோ இல்லையோ அதற்குப் போட்டாக வேண்டும். கரையேற்றும்போது அடியில் ஒட்டின பாசியையும் சிப்பியையும் ஆள் விட்டுச் சுரண்டாதே, நீயே படுத்துச் சுரண்டு. கை வைத்துத் தடவினால்தான் எங்கே வெடிப்பு என்று தெரியும். எஞ்சினை நம்பிக் கிளம்பாதே. எஞ்சினே இல்லை என்று வைத்துக்கொண்டு வெறும் பாயிலே துறைமுகத்துக்குள் வந்து கட்டிப் பழகு, அங்கே இருக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

லிண்டாவைச் சமையலுக்கும் பிள்ளை பார்க்கவும் மட்டும் வைத்துக்கொள்ளாதே. தூத்துக்குடி டவுனில் வளர்ந்தவள், கால் நனைந்தாலே முகத்தைச் சுளிக்கிறவள்தான், ஆனாலும் நீ தண்ணீரில் விழுந்தால் படகைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியது அவள்தானே? ஒரு தேங்காயைத் தூக்கிக் கடலில் போட்டு அவளைத் தனியாகத் திருப்பி எடுக்கச் சொல், எடுத்துப் பழகின பிறகு மற்றதைப் பேசு. பாயைக் குறைத்துவிடலாமா என்று அவள் கேட்டால் வானத்தைப் பார்த்து விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதே, அவள் கேட்டதே போதும், குறைத்துவிடு. மேலே நிற்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள். நம் ஆட்கள் யாரும் கட்டுவதில்லை, கட்டினவனைக் கேலி செய்வார்கள். ஆம்பிளைகள் பாதிப்பேர் ஓரத்தில் நின்று ஒன்றுக்குப் போகும்போதுதான் விழுகிறார்கள். உனக்குத்தான் உள்ளே கக்கூஸ் இருக்கிறதே, ராஜா மாதிரி உட்கார்ந்து போ.

கிறிஸ்மஸ் லீவில் ஏதோ ஒரு தீவுக்குப் போய் நங்கூரம் போட்டுத் தூங்கி, எழுந்து பார்த்தால் படகு இழுத்துக்கொண்டு போய் வேறொருவர் படகில் முட்டிக்கொண்டு நின்றது என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் சிரித்தேன். அய்யா சிரிக்கவில்லை. எவ்வளவு கயிறு விட்டான் கேளு என்றார், நீ சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். நம் வடகடல் ஆழமில்லாத சேற்றுக் கடல், கொஞ்சம் கயிறு விட்டாலே நங்கூரம் போய்ச் சேற்றில் புதைந்துகொள்ளும். அந்தக் கையோடு போய் அங்கேயும் அதே அளவு விட்டிருக்கிறாய். படிப்பு மாறினாலும் உன் கை தங்கச்சிமடத்துக் கைதான். அங்கே ஆழத்தைப் போல ஐந்தாறு மடங்கு கயிறு விடு, காற்று ஏறினால் இன்னும் விடு. விட்ட பிறகு கரையில் ஒரு மரத்தையும் ஒரு வீட்டையும் பார்த்து வைத்துக்கொள், அவை இடம் மாறாமல் நின்றால்தான் தூங்கு.

இந்த நங்கூரத்துக்காக அய்யா ஏன் அப்படி உடைந்துபோனார் என்று உனக்குத் தெரிய வேண்டும். தம்பி போனபோது நீ வந்து மூன்று நாளில் திரும்பிவிட்டாய், முழுக்க யாரும் உன்னிடம் சொல்லவில்லை. நம் தீவுக்காரர்களுக்கு ஒரு புத்தி இருக்கிறது. வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடைக்காற்றில் வடகடல் முறைத்தால் படகைத் தெற்கே கொண்டுபோய்விடுவோம், தெற்கே அடித்தால் வடக்கே வந்துவிடுவோம். பிறந்ததிலிருந்து இப்படியே பார்த்துப் பார்த்து, எங்கேயாவது ஒரு பக்கம் அமைதியான கடல் நமக்காக வைத்திருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். அந்த ஐப்பசியில் வடகடலில் திடீரென்று வாடை இறுகினபோது பிரடெரிக் கரைக்கு நேராக ஓடி வந்திருக்கலாம். மண்ணில் மோதிப் படகு உடைந்திருக்கும், ஆள் நடந்து வந்திருப்பான். அவனோ பாம்பன் பாலத்துக்கு அடியில் புகுந்து தென்கடலுக்குப் போய்விடலாம் என்று திருப்பியிருக்கிறான். கூடப் போன பாம்பன் சலாஹுதீன் பாலத்துத் தூணைப் பிடித்துத் தப்பினவன், போன மாதம்தான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதைச் சொன்னான். "தெக்க போயிட்டா ஒண்ணுமில்லலே, அங்கன குளம் மாதிரி கெடக்கும்னு சொன்னாம்மா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் தேம்பித் தேம்பி அழுதான். காற்றும் நீரோட்டமும் சேர்ந்து அந்தக் கால்வாயில் படகைப் பாறையில் அறைந்துவிட்டன. தென்கடல் அன்றைக்கு அமைதியாகத்தான் இருந்ததாம். படகின் பலகைகள் அங்கே போய் மிதந்தன, என் பிள்ளை போகவில்லை.

உன் பெருங்கடலில் மறுபக்கம் என்று ஒன்று இல்லை சகாயம். காற்று மாறினால் ஒளிய இடம் கிடையாது. அதனால் தேதி வைத்துக் கிளம்பாதே, ஒருவருக்கும் இந்த நாளில் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்காதே, சந்தேகம் வந்தால் கட்டின இடத்திலேயே கிட. உன் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும், மனசு அதற்குமேல் நின்று தடுக்க வேண்டும்.

ஊர்ச் செய்தி ஒன்று. பிரடெரிக்குக்குக் கட்டி வைக்க நாம் பார்த்து வைத்திருந்தோமே வேர்க்கோடு ஊர்ப் பெண், அவளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்து இப்போது பிள்ளை பிறந்திருக்கிறது. போகாதே என்று அய்யா தடுத்தார், நான் போனேன். கையில் வாங்கிக்கொண்டேன். நல்ல கனமான பிள்ளை. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள், அவள் என்ன தப்புச் செய்தாள் பாவம். சந்தோஷமா இரும்மா என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள் பஸ்ஸில் ஏறாமல் அழுதுகொண்டே நடந்து வந்தேன். கல்லறைத் திருநாள் வருகிறது. எல்லோரும் அவரவர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள், நான் எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் போன வருஷம் போலக் கோவில் சுவரோரம் ஏற்றிவிட்டு வருவேன்.

அய்யா போகட்டும் என்கிறார். நீ கேட்டதிலிருந்து உன் ஊர்க் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார், எனக்குப் புரியாத படத்தையெல்லாம் காட்டி விளக்குகிறார். "அவன் நம்மள மாதிரி இல்லடி, படிச்சுக் கத்துக்கிட்டுப் போறான், விடு" என்றார். மேலே எழுதின புத்தியெல்லாம் பாதி அவருடையது. சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது, அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். நீ நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்புவாய், அதிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீ கேட்டது அவரிடம் இல்லை, என்னிடம்.

வேண்டாம் சகாயம். அம்மா வேண்டாம் என்கிறேன். உன் படகு மேல் குறையில்லை, உன் மேலும் குறையில்லை. எனக்கு இன்னொரு தடவை கரையில் நின்று பார்க்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு ஒவ்வொரு படகாகத் திரும்பி வந்தபோது ஒவ்வொன்றிலும் அவன் இருப்பான் என்று எட்டி எட்டிப் பார்த்தேனே, அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இனி யாரையும் பார்க்க முடியாது. படகை விற்காதே, பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு காலையில் போய்ப் பொழுதிருக்கத் திரும்பு, அங்கேயே பழகு, பேத்திக்குப் பாய் இழுக்கக் கற்றுக்கொடு. பெருங்கடலை நான் கண்ணை மூடின பிறகு தாண்டு. சுயநலம்தான், தெரிந்தேதான் கேட்கிறேன்.

பேத்திக்குத் தலைக்குக் குளிப்பாட்டினால் நன்றாகத் துவட்டிவிடச் சொல், போன தடவை மூக்கடைப்போடு பேசினாள். லிண்டாவின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, போன் போட்டு விசாரி. நம் அந்தோணியார் உன் வீட்டு வாசலில் நின்று காவல் காக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் விளங்கட்டும், உன் பிள்ளை உன்னை ஒருநாளும் தேடும்படி விடாமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். கடிதம் கிடைத்ததும் போன் போடு, ஆனால் படகைப் பற்றிப் பேசாதே, வேறு ஏதாவது பேசு. நான் அழுதாலும் வைத்துவிடாதே.

உன் அம்மா,
செபஸ்தியம்மாள்