நீ வரைந்து அனுப்பிய அடுப்பு

மொன்டானா, ஜனவரி 19

அன்பு மகன் வெஸ்லிக்கு,

அம்மா எழுதறேன். டாம்பா வெயில்ல நீ சுகமாத்தான் இருப்பே. நாங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கோம், அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை அதுவே சந்தேகமாப் போச்சு. போன்ல சொன்னா "அம்மா, நான் சொல்றதைக் கேளு"ன்னு நடுவுல புகுந்துடுவே. அதான் காகிதம். முழுசா படி.

போன ஜூலையில நீ வந்தப்ப எங்க பழைய இரும்பு அடுப்பைப் பார்த்து, "இது விறகு தின்னற பேய்ப்பா, ராக்கெட் அடுப்பு கட்டுங்க, கால்வாசி விறகு போதும், செப்டம்பர்ல நானே வந்து கட்டித்தரேன்"னே. உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டார். நீ வரைஞ்ச படம் வந்தது, நீ வரலை. வேலை, மீட்டிங்குன்னு ஆயிரம் காரணம். முதுகுல ஆபரேஷன் பண்ணி ஆணி வெச்சுத் தச்ச எழுபத்தொரு வயசு மனுஷன், களிமண்ணும் மணலும் வைக்கோலும் தன் காலாலேயே மிதிச்சார். நெருப்பு தாங்குற செங்கல்லுல படத்துல இருக்கிறபடியே உள்புகைபோக்கி எழுப்பி, பழைய எண்ணெய் டிரம்மை வெளியில போட்டு பெயின்டை எரிச்சு எடுத்து அதுமேல கவிழ்த்து, புகைக் குழாயைச் சுத்தி எட்டடி நீளத்துக்கு மண் பெஞ்சு போட்டார். நல்லாத்தான் எரிஞ்சது, நான் இல்லைன்னு சொல்லலை. பெஞ்சுல உட்கார்ந்தா இடுப்பு வலியே மறந்து போச்சு.

மூணாவது வாரம் படுக்கையறைக் கதவு சாத்த வரமாட்டேன்னது. அப்புறம் உங்கப்பாவுக்குத் தலைவலி, எனக்கு வாந்தி வர்ற மாதிரி. சளின்னு நினைச்சோம். அந்த ஞாயித்துக்கிழமை மதியம் இறைச்சியை ஓவன்லருந்து எடுக்கறேன், சுவத்துல நான் மாட்டின விஷவாயு அலாரம் கத்துது. "அதெல்லாம் தேவையே இல்லைம்மா"ன்னு நீ சிரிச்சியே, அதே அலாரம். உங்கப்பா பெஞ்சுலயே கண்ணு செருகிக் கிடந்தார். கம்பளத்தோட சேர்த்து இழுத்துப் பனியில போட்டேன். எங்கருந்து பலம் வந்ததுன்னு எனக்கே தெரியாது. குளிர்காத்து பட்டதும் இருமிக்கிட்டே கண்ணைத் திறந்தார்.

பக்கத்துப் பண்ணை மார்வா, அதான் முப்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவள், மரத்தரைக்குக் கீழே இருக்கிற சந்துல தவழ்ந்து போய்ப் பார்த்தாள். மூணு டன் மண்ணு மரத்தரை மேல உட்கார்ந்திருக்கு, அதைத் தாங்கற உத்திரம் வளைஞ்சு கதவும் இறுகி, பெஞ்சு விரிசல் விட்டு, குழாய் மூட்டு விட்டுப்போய் புகை வீட்டுக்குள்ள வந்திருக்கு. உன் படத்தைக் கையில வாங்கி, "இதை வரைஞ்சவன் வீட்டுக்குத் தரையே கிடையாதா, காத்துல மிதக்கிறானா?"ன்னாள். உன் படத்துல தரை வெறும் ஒரு கோடு, வெஸ்லி. கீழே என்ன தாங்குதுன்னு ஒரு வார்த்தை இல்லை.

மார்வா பார்த்த அன்னைக்கு சாயங்காலம் உங்கப்பா போன் பண்ணித் தரை வளைஞ்சதைச் சொன்னப்ப நீ என்ன சொன்னே? "நீங்கதான்ப்பா எடையைக் கணக்கு பார்த்திருக்கணும், அளவுல எங்கயோ கோட்டை விட்டுட்டீங்க." நான் பக்கத்துல நின்னு கேட்டேன். அவர் "ஆமாம்ப்பா"ன்னு வெச்சுட்டார். கோபமே இதுக்குத்தான், நீ வராததுக்குக் கூட இல்லை. இந்த வீட்டையே தன் கையால கட்டின மனுஷன் இப்ப ஒரு பலகை அறுக்கறதுக்கு மூணு தடவை டேப் பிடிச்சுப் பார்த்துட்டு, "லோர்னா, இது சரியா இருக்கான்னு நீ ஒரு தடவை பாரேன்"னு என்னைக் கூப்பிடறார்.

அடுப்பை உடைச்சோம். அந்த இடத்துல தரையை அறுத்து, மண்ணுலருந்து கான்கிரீட் கல் அடுக்கி மேல கொண்டு வந்து, அஞ்சு வாரத்துல மறுபடி கட்டினோம். மார்வா செங்கல் வெச்சாள், சமையலறையில துணி துவைக்கிற தொட்டியில நான் மண்ணு மிதிச்சேன். இப்ப நல்லா எரியுது, அலாரம் ரெண்டா மாட்டியிருக்கேன். உங்கப்பா மட்டும் தீ மூட்டறதில்லை, என்னையே மூட்டச் சொல்றார்.

கர்த்தர் உன்னை நல்லபடியா வெச்சிருக்கட்டும். உன் மேல பாசம் இல்லாம இவ்வளவு எழுதலை. உன் இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப் போடாதே. ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சு பன்னிரண்டு மணிக்கு அப்பா தனியா வீட்டுல இருப்பார், நான் மார்வா வீட்டுக்குப் போயிடுவேன். போன் பண்ணி, தப்பு என் படத்துலதான்ப்பான்னு சொல்லு. வேற எதுவும் பேச வேண்டாம்.

உன் அம்மா,
லோர்னா